தபாலைத் திருப்பினால் காரணம் எழுத வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பட்டுவாடா ஆகாத பதிவுத் தபால் ஒன்றைத் தபால்காரர் மாலையில் அலுவலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தால், அதன் மேல் காரணத்தை எழுதி, தேதியிட்டு, கையொப்பமும் வைத்திருக்கிறாரா என்று பார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது. ‘வீடு பூட்டியிருந்தது’, ‘வீடு மாறிவிட்டார்’, ‘வாங்க மறுத்தார்’, ‘முகவரி போதாது’ என்று இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும் அந்தக் குறிப்பை வைத்துத்தான், அனுப்பியவர் மறுபடி அனுப்புவதா, முகவரியை விசாரிப்பதா, வக்கீலைப் பார்ப்பதா என்று முடிவு செய்வார். காரணம் எழுதாத உறையை நான் ஒருநாளும் கையொப்பமிட்டு வாங்கியதில்லை.

இப்போது எங்கள் தெருவில், கைப்பேசியில் மின்னஞ்சல் கணக்கை அமைக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருகிறார்கள். தபால்காரர் என்றால் எல்லாத் தபாலும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நானும் என் பேத்தியிடமும் நூலகத்துக் கணினியிலும் கேட்டும் படித்தும் ஓரளவு கற்றுக்கொண்டேன். வருகிறவர்களின் திரையில் நான் காண்பது அநேகமாக ஒரே வாசகம்: ‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.’ நான் பார்த்தவரையில் அந்த வாசகம் பாதிக்கு மேற்பட்ட தடவை உண்மையாக இருந்ததில்லை. உண்மைக் காரணம் மறுமுனையில் நம் அஞ்சலைக் கையாளும் கணினியான சர்வருக்குத் தெரிந்திருக்கிறது. பல நேரங்களில் அது எழுதியும் அனுப்புகிறது. கைப்பேசியில் உள்ள செயலிதான் அந்தக் குறிப்பைக் கிழித்துவிட்டு வெறும் உறையை நம்மிடம் நீட்டுகிறது. தங்கள் நாளிதழ் வாயிலாக நான் முறையிட விரும்புவது இதைத்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், மகன் வாங்கி அனுப்பிய புதிய கைப்பேசியோடு சென்ற மாதம் வந்தார். அவருடையது ஜிமெயில் கணக்கு. கைப்பேசியோடு வந்த அஞ்சல் செயலியைத் திறந்து, கணக்கு வகை கேட்ட இடத்தில் ‘மற்றவை’ என்பதைத் தொட்டு, முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்திருக்கிறார். கடவுச்சொல் தவறு என்று பதில் வந்ததும், தமக்குத்தான் மறதி வந்துவிட்டது என்று நம்பி, இரண்டு நாட்களில் மூன்று முறை கடவுச்சொல்லை மாற்றி, மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்து வைத்திருந்தார். நாற்பது ஆண்டுகள் மாணவர்களின் தவறுகளைத் திருத்திய அந்த அம்மையார், செய்யாத தவறுக்குத் தம்மைத் தாமே நொந்துகொண்டிருந்தார்.

நடந்தது வேறு. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழையப் பார்க்கும் வெளிச் செயலிகளை, 2022 மே 30 முதல் கூகுள் நிறுவனம் தனிநபர் கணக்குகளில் ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளுக்கு அதே கதவை 2024 செப்டம்பர் 16 அன்று அடைத்தது. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. தன் தபாலை வாங்கிவர இன்னொருவரை அஞ்சலகத்துக்கு அனுப்புகிறவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தைக் கொடுத்தனுப்புவாரே தவிர, வீட்டுச் சாவியைக் கொடுக்க மாட்டார். அதுபோலத்தான் இப்போது நாம் கூகுளின் பக்கத்திலேயே கடவுச்சொல்லைத் தருகிறோம். கூகுள் அந்தச் செயலிக்கு ஓர் அனுமதிச் சீட்டை மட்டும் வழங்குகிறது. கடவுச்சொல் செயலியின் கைக்குப் போவதே இல்லை. ஆகவே ‘மற்றவை’ என்பதற்குப் பதிலாக ‘கூகுள்’ என்பதைத் தொட்டாலே போதும். கூகுளின் நுழைவுப் பக்கம் திறக்கும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தலைமையாசிரியைக்கு நான் செய்து கொடுத்ததும் அவ்வளவுதான்.

செயலி பழையதாக இருந்து அந்த வாய்ப்பே இல்லாவிட்டால், இரண்டு படிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னோர் அடையாளமும் கேட்கும் முறையை) இயக்கிவிட்டு, 16 எழுத்துக்கள் கொண்ட ‘செயலிக் கடவுச்சொல்’ ஒன்றைக் கூகுள் கணக்கில் உருவாக்கி, அதை அந்தச் செயலியில் இட வேண்டும். அது ஒரே ஒரு முறைதான் திரையில் காட்டப்படும். பின்னொரு நாள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால், இந்தச் செயலிக் கடவுச்சொற்கள் எல்லாம் ரத்தாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ‘நேற்றுவரை வந்துகொண்டிருந்தது, இன்று திடீரென்று நின்றுவிட்டது’ என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, அண்மையில் கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்பதைத்தான்.

இந்த இடத்தில்தான் என் முறையீடு கூர்மையடைகிறது. இரண்டு படிச் சரிபார்ப்பு உள்ள கணக்கில் வெறும் கடவுச்சொல்லோடு நுழைய முயன்றால், கூகுளின் சர்வர் ‘கடவுச்சொல் தவறு’ என்று சொல்வதில்லை. ‘செயலிக்குரிய கடவுச்சொல் தேவை’ என்று, அஞ்சல் அனுப்பும் சர்வரானால் 534 என்ற எண்ணையும் சேர்த்து, தெளிவாகவே பதில் தருகிறது. தபால்காரர் காரணம் எழுதிவிட்டார் என்று பொருள். அந்த வாசகத்தைப் பயனருக்கு அப்படியே காட்டாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பழியை அவர் தலையில் போடுகிற செயலியைத்தான் நான் குற்றம் சொல்கிறேன்.

இதற்கான ஏற்பாடு நேற்று வந்ததும் அல்ல. அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்க உதவும் ஐமேப் என்னும் நெறிமுறைக்கு (கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு), பதில் குறியீடுகளை விரிவாக வகுத்துக் கொடுத்த ஆவணம், இணையத்தின் தொழில்நுட்ப விதிகளைக் கொண்ட ஆர்எஃப்சி வரிசையில் 5530 என்ற எண்ணில் 2009-ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, சர்வரின் ஒரு பகுதி தற்காலிகமாக இயங்கவில்லை, மறையாக்கம் (இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புதல்) இல்லாத இணைப்பில் இதைச் செய்ய முடியாது, நிர்வாகியைத் தொடர்புகொள்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு அதில் இருக்கிறது. எங்கள் துறையில் அச்சிட்டு வைத்திருந்த திருப்புகைக் குறிப்புகளைப் போன்றதே அது. எல்லாச் சர்வர்களும் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்துகின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால், பயன்படுத்துகிறவை அனுப்பும் குறிப்பும் நம் கண்ணில் படுவதில்லை.

ஒன்றை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பயனர் பெயர் சரி, கடவுச்சொல் மட்டும் தவறு’ என்று சர்வர் பிரித்துச் சொன்னால், திருட்டுச் சாவி போட்டுப் பார்க்கிறவனுக்கு அது துப்பாக அமைந்துவிடும். ஆகவே அந்த இரண்டில் எது தவறு என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறார்கள். அது சரிதான். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும், கதவு எண் மாறிப்போனதையும் கைப்பேசியின் தேதி பிசகியதையும்கூடக் கடவுச்சொல்லின் மேல் சுமத்துவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கதவு எண் என்று நான் சொன்னதை விளக்க, என் மைத்துனர் நடத்தும் அச்சகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அச்சகத்தின் பெயரிலேயே இணைய முகவரி வாங்கி, அதில் மின்னஞ்சல் வைத்திருக்கிறார். இத்தகைய கணக்குகளைத் தொட்டவுடன் நுழைவுப் பக்கம் திறந்துவிடாது. சர்வரின் பெயர், போர்ட் எண், பாதுகாப்பு வகை எல்லாவற்றையும் நாமே நிரப்ப வேண்டும். அஞ்சலகத்தில் விரைவுத் தபாலுக்கு ஒரு கவுண்டர், சேமிப்புக் கணக்குக்கு ஒரு கவுண்டர் என்று இருப்பதைப் போல, ஒரே சர்வரில் வேலைக்கு ஒன்றாக இருக்கும் கவுண்டர் எண்களே இந்தப் போர்ட் எண்கள்; கதவு எண் என்று நான் சொன்னது இவற்றைத்தான். ஐமேப் வழியில் அஞ்சலைப் படிக்க, மறையாக்கத்தோடு கூடிய எண் 993. அஞ்சலைக் கைப்பேசிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் வழியில் 995. அஞ்சலை அனுப்ப 465 அல்லது 587. முன்னதற்கு எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ் என்றும், பின்னதற்கு ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்றும் பாதுகாப்பு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இணை மாறினால் கவுண்டர் முன் மணிக்கணக்கில் நின்றாலும் பதில் வராது. பழைய கையேடுகளில் காணப்படும் 25 என்ற எண் சர்வர்கள் தமக்குள் அஞ்சல் பரிமாறிக்கொள்வதற்கு உரியது. குப்பை அஞ்சலைத் தடுப்பதற்காக இணைய நிறுவனங்கள் பலவும் அதைச் சந்தாதாரர்களுக்கு அடைத்து வைத்திருக்கின்றன.

மைத்துனர் முகவரியின் முற்பகுதியை மட்டும் பயனர் பெயராக இட்டிருந்தார். இவ்வகைச் சர்வர்கள் பெரும்பாலும் முழு முகவரியைக் கேட்கும். அதைத் திருத்தியும் ஏற்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கைப்பேசியின் விசைப்பலகை, முன்பு தட்டச்சிட்ட முகவரியைத் தானே பரிந்துரைத்து, தொட்டவுடன் இறுதியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடுகிறது. அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, சர்வருக்கோ அதுவும் ஓர் எழுத்துதான். கடவுச்சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றி வைப்பதும் சில விசைப்பலகைகளின் வழக்கம். பரிந்துரையைத் தொடாமல் முழுவதையும் கையாலேயே தட்டச்சிட்டு, கடவுச்சொல் பெட்டியில் உள்ள கண் அடையாளத்தைத் தொட்டு ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

அதற்குள் இன்னொரு வினை சேர்ந்துவிட்டது. திரும்பத் திரும்பத் தவறாக முயன்றதால், சர்வரின் காவல் மென்பொருள், அச்சகத்து இணைய இணைப்பின் முகவரியையே சந்தேகப் பட்டியலில் போட்டுவிட்டது. இப்போது எல்லாமே சரியாக இருந்தும் கணக்கு திறக்கவில்லை. அச்சகத்தில் இருந்த கணினியிலும் அஞ்சல் நின்றுபோனது. வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் சொந்த டேட்டாவில் முயன்றோம், உடனே திறந்தது. குற்றம் எங்கள் பக்கம் இல்லை, தடை அந்த இணைப்பின் மேல்தான் என்று அப்போதுதான் விளங்கிற்று. சிறிது நேரம் கழித்து அந்தத் தடை தானாக நீங்கியது. ஆகவே யாராயினும் இரண்டு முறைக்கு மேல் ஒரே கடவுச்சொல்லை இட்டு மோத வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். நிறுத்திவிட்டு, வேறு இணைப்பில் ஒருமுறை முயன்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அஞ்சல் வரத் தொடங்கியது, போகவில்லை. ஐபோனில் வெளிச்செல்லும் சர்வருக்கான பெயர், கடவுச்சொல் ஆகிய கட்டங்களில் ‘விருப்பத்துக்குரியது’ என்ற பொருளில் ஒரு குறிப்பு மங்கலாகத் தெரியும். அதை நம்பி வெறுமையாக விட்டால், அடையாளம் கேட்கும் சர்வர் கடிதத்தை வாங்க மறுத்துவிடும். உள்வரும் சர்வருக்குக் கொடுத்த அதே விவரங்களை அங்கேயும் கொடுக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் கட்டாயமான ஒரு கட்டத்தை ‘விரும்பினால் நிரப்புக’ என்று அச்சிட்டிருந்தால் எங்கள் காலத்தில் மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும்.

கைப்பேசியின் தேதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுநாள் அணைத்து வைத்திருந்த பழைய கைப்பேசியை எடுத்து இயக்கினால், சில வேளை அதன் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். சர்வர் தன்னை இன்னார் என்று காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கைப்பேசியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால், நல்ல சான்றிதழும் செல்லாதது என்று தோன்றும். காலையில் அஞ்சலகத்தைத் திறந்ததும் தேதி முத்திரையை மாற்றுவதுதான் எங்கள் முதல் வேலை; கைப்பேசியிலும் தேதி, நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தேதி சரியாக இருந்தும் ‘சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று எச்சரிக்கை வந்தால், கண்ணை மூடிக்கொண்டு ‘தொடர்க’ என்பதைத் தொடக் கூடாது. நாம் இட்ட சர்வர் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் வேறுபடுவதால் அது வரக்கூடும். சரியான பெயரைக் கணக்கு வழங்கியவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வதே முறை.

கணக்கு ஒழுங்காக அமைந்த பிறகும் கடிதம் வரவில்லை என்ற புகாரும் உண்டு. வருமான வரித் தளத்தில் பதிவு செய்யும்போது ஒருமுறைக் கடவுஎண் (ஓடிபி) கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் தனித்தனியாக வருகிறது. மின்னஞ்சலுக்கு வர வேண்டியது வராமல் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பார்த்தால், பெட்டி நிறைந்திருந்தது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. டிரைவ் கோப்புகளும், 2021 ஜூன் முதல் சேமித்த புகைப்படங்களும், ஆண்ட்ராய்டு கைப்பேசியாக இருந்தால் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் அதே இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. உறவினர்கள் நாள் தவறாமல் அனுப்பிய காலை வணக்கப் படங்கள் வருமான வரித் துறையின் கடிதத்துக்கு இடமில்லாமல் செய்திருந்தன. பெட்டி நிறைந்த செய்தி அனுப்பியவருக்குத்தான் திரும்பிப் போகும். தானியங்கி முகவரியிலிருந்து வந்த கடிதமென்றால் அதைப் படிக்க அங்கே ஆளே இருக்காது.

காரணம் சொல்லாத செய்தியால் வருவது எரிச்சலோடு முடிந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். பக்கத்துத் தெருவில் சிறுகடை வைத்திருக்கும் ஒருவர், இதே பிழைச் செய்தியை இணையத்தில் தேடி, வாடிக்கையாளர் சேவை என்று கண்ணில் பட்ட ஓர் எண்ணை அழைத்திருக்கிறார். மறுமுனையில் பேசியவன் பொறுமையாகப் பேசி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி, ‘சரிபார்ப்புக்காக’ ஒரு ரூபாய் அனுப்பும்படி கேட்டிருக்கிறான். அந்த நேரத்தில் கடைக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியைப் பிடுங்கி அணைத்ததால் அவர் தப்பினார். எல்லார் கடைக்கும் அந்த நேரத்தில் மாணவர் வருவார் என்று சொல்ல முடியாது. இலவச மின்னஞ்சல் கணக்கைத் திறந்து தருவதற்குப் பணம் கேட்கிறவனும், திரையைப் பகிரச் சொல்கிறவனும் மோசடிக்காரன் என்று கொள்வதில் தவறில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழைக்க வேண்டும்.

என் கோரிக்கைகள் சிறியவை. சொந்த இணைய முகவரியில் மின்னஞ்சல் வழங்கும் நிறுவனங்கள், பணம் வாங்கும் அன்றே சர்வர் பெயர், போர்ட் எண், பாதுகாப்பு வகை, பயனர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்ற நான்கையும் ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுத் தரட்டும். என் மைத்துனர் அந்த விவரங்களைப் பெற மூன்று நாள் தொலைபேசியில் காத்திருந்தார். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் புதிய கைப்பேசிகளின் கேமராவைப் பற்றி வாரந்தோறும் எழுதுகிறீர்கள். ஒரு வாரம் இந்தப் போர்ட் எண்களுக்கு இடம் தாருங்கள். கைப்பேசி நிறுவனங்களும் செயலியை எழுதுகிறவர்களும், சர்வர் என்ன காரணம் சொன்னதோ அந்தக் காரணத்தை நல்ல தமிழில் திரையில் காட்டட்டும். உடனடியாக அது முடியாதென்றால், சர்வர் ஆங்கிலத்தில் அனுப்பிய வாசகத்தையாவது மறைக்காமல் அடியில் சிறு எழுத்தில் போடட்டும். படித்து மொழிபெயர்த்துச் சொல்ல எங்கள் தெருவில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக அதிகாரி,
மன்னார்குடி.